தளி மலைநாட்டில் துப்பாக்கி உரிமம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்தில் துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கிதான். குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ திணித்து, இரும்புக் கம்பியால் குத்தி இறுக்கி, அதன்மேல் ஈய ரவைகளைப் போட்டு, மறுபடியும் நார் வைத்து அடைக்க வேண்டும். பின்பக்கத்துக் காம்பில் ஒரு கேப்பைச் செருகி, குதிரையை இழுத்து விட்டால் வெடிக்கும். ஒரு வெடிதான். அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் காட்டுப்பன்றி அடுத்த வயலுக்குப் போய்விடும். ராகிக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருப்பவர்கள் பல நேரம் ரவை போடாமல் வெறும் மருந்தை மட்டும் வெடிப்பதுண்டு, சத்தம்தான் வேண்டியது. இந்த எளிய கருவியை யார் வைத்திருக்கலாம், யார் வெளியே எடுத்துச் செல்லலாம் என்ற கேள்விக்கு அரசுகள் சொன்ன பதில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஏறக்குறைய தலைகீழாக மாறியிருக்கிறது.

பழைய சேலம் மாவட்டத்தை பாலாகாட், பாராமகால், தாலகாட் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். தளியும் ஓசூரும் மேட்டுநிலமான பாலாகாட்டில் சேர்ந்தவை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை விட்டுக்கொடுத்தார். பாலாகாட் 1799-இல் அவர் வீழ்ந்த பிறகுதான் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. அதுவரை பாகலூர், சூளகிரி, பேரிகை போன்ற இடங்களின் பாளையக்காரர்களும் அவர்களின் காவற்காரர்களும் ஆயுதம் தாங்கித் திரிவது இயல்பாக இருந்தது. எந்தத் தாளும் அதற்குத் தேவைப்படவில்லை. தெற்கே பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ஆம் தேதிப் பிரகடனம் திருநெல்வேலி, ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. குடியானவனின் கையில் ஆயுதம் இருக்கலாமா என்பதை அரசு முடிவு செய்யும் என்ற கொள்கை தமிழகத்தில் அப்போது வேரூன்றியது எனலாம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அந்தக் கொள்கை இந்தியா முழுமைக்கும் விரிந்தது. 1860-இன் 31-ஆம் சட்டம் ஆயுதங்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. அதற்கு மறு ஆண்டே, மைசூர், குடகு நாடுகளின் ஆணையராக இருந்த மார்க் கப்பன் குடகர்களின் விசுவாசத்தைப் பாராட்டி அவர்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். காவிரியின் மேல்பகுதியில் குடகருக்குக் கிடைத்த இந்தச் சலுகை அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த தளி, அஞ்செட்டி மக்களுக்குக் கிடைக்கவில்லை. விலங்குத் தொல்லை இரு பக்கமும் ஒன்றுதான். விலக்குக்கு அளவுகோல் ராஜவிசுவாசம்.

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம்தான் அடுத்த எண்பது ஆண்டுகள் கோலோச்சியது. உரிமம் இல்லாமல் ஆயுதம் தரித்து நடமாடக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் 27-ஆம் பிரிவு யாருக்கு வேண்டுமானாலும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. அதைக் கொண்டு எழுதப்பட்ட விதிகள் ஐரோப்பியருக்கும் யுரேசியருக்கும் இன அடிப்படையில் விலக்கு கொடுத்தன. இந்தியரில் பெரிய ஜமீன்தார்கள், பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலர் மட்டுமே அந்தப் பட்டியலில் இடம்பெற்றார்கள். ஆகவே, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளையர் தளிக் காட்டில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். அந்தக் காட்டோரத்தில் தலைமுறை தலைமுறையாக ராகி விதைத்தவர் அதே துப்பாக்கியோடு போனால் குற்றம். அயலாருக்கு அனுமதி கொடுக்கலாமா என்று இன்று பல நாடுகள் விவாதிக்கின்றன. அன்றைய இந்தியாவில் அனுமதி கேட்டு நின்றவர் மண்ணின் மைந்தர்.

தளிப் பக்கம் வெள்ளையர் வருகைக்குக் குறைவில்லை. சமவெளியை விடக் குளிர்ந்த ஊர் என்பதால் அதற்கு லிட்டில் இங்கிலாந்து என்ற செல்லப்பெயரும் ஒட்டிக்கொண்டது. ஓசூரில் சப் கலெக்டர் அலுவலகமும் அருகே மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணையும் இருந்தன. பெங்களூர்க் கண்டோன்மென்டிலிருந்து ஆனேக்கல் வழியாகத் தளிக்கும் ஜவளகிரிக்கும் வேட்டைக்கு வருவது எளிது. அந்த வேட்டை மரபின் கடைசிக் காலத்தை எழுத்தில் பதிவு செய்தவர் கென்னத் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளியில் 1910-இல் பிறந்து, 1974-இல் பெங்களூரில் மறைந்தவர். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் வேட்டை நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும் கும்மளாபுரத்தின் ஆட்கொல்லிச் சிறுத்தையும் வருகின்றன. அதே நூலில், முத்தூர்ப் பக்கத்துச் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பூசாரிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். பைராவோ காட்டில் திருட்டு வேட்டையாடியவர். ஆண்டர்சன் வேட்டைக்கு இறங்கிய நாட்களில் இன விலக்கு விதிப்புத்தகத்திலிருந்து போய்விட்டிருந்தது. இருந்தாலும் பெங்களூர்க் கனவானுக்கு உரிமம் கிடைப்பதும் காட்டுக்குள் இருப்பவருக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. அந்த அத்தியாயத்தை நட்புக் கதையாக வாசிப்பவர்களே அதிகம். ஆயுதச் சட்டத்தின் இரு கரைகளில் நின்ற இருவரின் கதையாகவும் அதை வாசிக்கலாம்.

எல்லையோர ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தளி சென்னை மாகாணத்தில் இருந்தது. சில மைல் தள்ளி ஆனேக்கல் மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. மைசூர்ப் பிரஜை சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை அல்லர், பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் மட்டுமே. பெண் கொடுத்து, பெண் எடுத்து, கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசி, ஒரே சந்தைக்குப் போய்வந்த குடும்பங்களில் அண்ணன் ஒரு அரசின் பிரஜையாகவும் தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டார் வேறு அரசின் பிரஜைகளாகவும் இருந்தார்கள். அயலார் என்ற சொல்லுக்கு இந்த மலைநாட்டில் அப்போது தெளிவான பொருள் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆயுதச் சட்டத்தின் இனபேதத்தை எதிர்த்த முதல் பெரிய அரசியல் குரல்களில் ஒன்று சென்னையிலேயே எழுந்தது. 1887-இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பிபின் சந்திர பால் அந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 1918-இல் படைக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட காந்தியும் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த செயலாக அதைக் குறிப்பிட்டு எழுதினார்; அகிம்சையின் தலைவர் சொன்னதால் அது இன்றும் பலருக்கு வியப்பளிக்கிறது. 1920 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இன வேறுபாட்டைப் பெருமளவு நீக்கின. ஆனால் உரிமம் எல்லோருக்கும் எளிதாகிவிடவில்லை. 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானம் ஒரு படி மேலே போய், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்; சபை ஏற்கவில்லை. அரசியல் சாசனத்தில் ஆயுத உரிமை இல்லாமல் போனதற்கு இதுவே வரலாறு.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 13-ஆம் பிரிவில்தான் தளிக்கு நேரடியாகத் தொடர்புள்ள வரி இருக்கிறது. பயிர்க்காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை, அல்லது தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழாயுள்ள துப்பாக்கியை, ‘இந்தியக் குடிமகன்’ கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தின் வேறு தடை எதுவும் குறுக்கே வராத வரை, மற்ற வகைத் துப்பாக்கிகளுக்கு வேண்டியது போலத் தனியாகக் காரணம் காட்டி அதிகாரியின் மனநிறைவைப் பெற வேண்டியதில்லை. மற்ற பெரும்பாலான துப்பாக்கிகளுக்கும், மற்ற பெரும்பாலான மனிதருக்கும் ‘தக்க காரணம்’ இருப்பதாக அதிகாரி மனநிறைவு கொண்டால்தான் உரிமம். குடியுரிமை இல்லாதவர் உரிமம் கேட்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவர் அந்த இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 1878-இல் வெள்ளையருக்குக் கிடைத்த முன்னுரிமை 1959-இல் உழவருக்கு வந்தது, அதுவும் நாட்டுத் துப்பாக்கியின் பெயராலேயே. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவில் சேர்த்ததும் ஜமீன்தார் கால விலக்குப் பட்டியலுக்குக் கொடுத்த நேரடியான பதில்.

அயலாருக்காகவும் அந்தச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. மத்திய அரசு அறிவிக்கும் நாடுகளைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்கு மட்டும் என்றால், நியாயமான அளவு ஆயுதங்களை உரிமம் இன்றியே உள்ளே கொண்டுவரலாம் என்கிறது 10-ஆம் பிரிவு. வெளிநாட்டினரை அழைத்து வேட்டைக்குக் கூட்டிப்போகும் நிறுவனங்கள் செழித்திருந்த காலம் அது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த விளையாட்டு படிப்படியாக முடிந்தது; கதவு மட்டும் சட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் அயலார் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்ற கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்திக்கிறார்கள். அங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் தடையாக இல்லை. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குத் தடை உண்டு. வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகளும் உண்டு. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியைக் குடிமக்களுக்கு மட்டும் என்று தெற்கு டகோட்டா மாநிலம் வரையறுத்தபோது, நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஒருவரின் வழக்கில் 2011-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஏறக்குறைய அதே முடிவு வந்தது. அங்கே ஆயுதம் அரசியல் சாசன உரிமை. இந்தியாவில் அது அரசு தரும் அனுமதி என்பதால், அயலார் ஆயுத உரிமையைச் சொல்லி வாதாட இடமில்லை.

மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று இந்தியாவில் தனி அனுமதிச்சீட்டும் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ இருக்க வேண்டும், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே காட்டுவதுதான் இங்கே குற்றம். உரிமம் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். எல்லைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம் என்ற ஊரில் அந்த ஒரு வரி பெரிய வரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு ஆனேக்கல் பக்கம் இருக்கும் நிலத்துக்குக் காவலுக்குப் போக முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாகக் கூடியது. குடகரின் விலக்கு மட்டும் அன்றும் இன்றும் தொடர்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது.

குடிமகன் என்ற முறையில் தளி உழவருக்குக் கிடைத்த முன்னுரிமை காகிதத்தில்தான் பெரிது. விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், காவல்துறை என்று அறிக்கைகள் வர வேண்டும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் இன்னொரு பூட்டும் சேர்ந்தது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்பது 1972 சட்டத்தின் 34-ஆம் பிரிவு. பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இறங்குவதும் ராகி முற்றுவதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடக்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பட்டாசோடு காவல் காக்க வேண்டியதுதான். உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் மலைக்கிராமங்களில் புழங்குவதற்கு இந்தச் சுற்றுப்பாதை ஒரு காரணம். திருட்டு வேட்டை இன்னொரு காரணம். வழக்கு இல்லை, ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை கெடு வைப்பதும், ஊர்ப் பெரியவர்கள் மூலம் துப்பாக்கிகள் வந்து சேர்வதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அவ்வப்போது நடக்கின்றன.

இன்று இந்த வட்டாரத்தில் குடியுரிமை இல்லாமல் வாழ்பவர்களில் முக்கியமாக இரு வகையினர் உண்டு. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள், மேலாளர்கள் ஒரு வகை. மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் மற்றொரு வகை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற பெயருள்ள ஓ.சி.ஐ. அட்டை பெற்றுத் திரும்பியவர்களும் சட்டப்படி குடிமக்கள் அல்லர். இவர்களில் யாராவது கொல்லை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ராகி விதைத்து, பன்றித் தொல்லைக்காக நாட்டுத் துப்பாக்கி உரிமம் கேட்டால், 13-ஆம் பிரிவின் முதல் வரிசை அவருக்குத் திறக்காது. தக்க காரணம் உண்டு என்று கலெக்டரிடம் நிறுவ வேண்டும். காவல்துறை அறிக்கையும் வனத்துறையின் இசைவும் குடிமகனுக்கு வேண்டியது போலவே அவருக்கும் வேண்டும்.