செயல்வழிக் கற்றல்: சேலம், நாமக்கல் சமவெளிக் கல்லூரிகளில்

ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டு எழுதிக்கொள்வதோடு நின்றுவிடாமல், வகுப்பு நேரத்திலேயே மாணவர் பேசியும் எழுதியும் வாதிட்டும் செய்துபார்த்தும் பாடத்தைக் கைவசப்படுத்தும் முறைகளுக்குப் பொதுப்பெயர் செயல்வழிக் கற்றல். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது தொடக்கப் பள்ளியோடுதான். கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் ‘ஆக்டிவ் லேர்னிங்’ என்றே சொல்கிறார்கள். சேர்வராயன், கொல்லிமலை அடிவாரங்களிலிருந்து காவிரிக் கரை வரை விரியும் சமவெளியில் இம்முறை எப்படி வந்தது, எதனோடு மோதியது, எது நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். 1997 ஜனவரி 1 வரை இந்நிலப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். அன்று நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

மாணவனுக்கு மாணவனே பாடம் சொல்லும் முறை தமிழருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக்கொடுத்தான். மணலில் விரலால் எழுதும் பழக்கத்தையும் இந்த முறையையும் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789 முதல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தில் இரண்டையும் நடத்திப் பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பெரிதாகப் பரவியது. பாராமகால், சேலம் பகுதியில் 1792 முதல் வருவாய்த் துறையில் பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை ஆளுநராகி, 1822-இல் மாகாணத்தின் இத்தகைய நாட்டுப்புறப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார்.

திண்ணைப் பள்ளியை இன்றைய முறைகளுக்கு முன்னோடி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சட்டாம்பிள்ளை ஒப்பிக்க வைத்தான். கேள்வி கேட்க வைக்கவில்லை. திண்ணை எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவும் இல்லை.

1857-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் சேலம் அரசு கலைக் கல்லூரி வழியாக இப்பகுதியில் வேரூன்றியது விரிவுரை முறை. கல்லூரிக்குள் மாணவர் வாய்திறந்த இடம் வகுப்பறை அல்ல, மேடை. சொற்போரும் பட்டிமன்றமும் திராவிட இயக்க காலத்தில் நல்ல பேச்சாளர்களை உருவாக்கின. ஆனால் மேடையில் பேசுபவர் நான்கு பேர், கைதட்டுபவர் நானூறு பேர். அந்தக் கணக்கு வகுப்பறைக்கு உதவாது.

‘செய்து கற்றல்’ மீதான சந்தேகம்

சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கைத்தொழிலைக் கல்வியோடு சேர்க்கும் காந்தியச் சிந்தனை இப்பகுதிக்கு நெருங்கி வந்தது அப்போதுதான். முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது.

கல்வியாளர்கள் இதைப் பழைய அரசியல் என்று தாண்டிப் போவது சரியல்ல. தறிக்காரர் மகனும் பண்ணையாளர் மகளும் கல்லூரிக்கு வருவது புத்தகத்துக்காக. தறிக்காகவோ பண்ணைக்காகவோ அல்ல. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செய்துபார்க்கச் சொன்னால், தங்களுக்கு மட்டும் குறைந்த கல்வி தருகிறார்களோ என்ற ஐயம் வீட்டில் எழுவது இயல்பு. செயல்வழி முறை இங்கே வெற்றி பெற்ற இடங்களில் எல்லாம் அது புத்தகத்துக்கு மாற்றாக வரவில்லை, புத்தகத்தைத் திறக்கும் சாவியாகவே வந்திருக்கிறது.

ஒரே ஆண்டில் பிறந்த மாணவர்கள்

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பாட அட்டைகள், கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காருதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் மனவரைபடமும் குழுவில் தொகுத்துக் கூறுவதும் வந்தன. 2007-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அரசுப் பள்ளிக் குழந்தை எட்டாம் வகுப்பு வரை பேசியே கற்றது என்று ஏட்டளவிலாவது சொல்லலாம்.

பிறகு மேல்நிலைப் பள்ளி. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பொதுத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மாநிலமெங்குமிருந்து மாணவர்களை ஈர்த்த காலம் அது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டுவது, விடியற்காலைப் படிப்பு, தினம் ஒரு தேர்வு என்பது அவற்றின் வழக்கமாக அறியப்பட்டது. கோழிப்பண்ணை ஊர் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2017-இல் அரசு, தேர்வு முடிவில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுக் குழந்தைகள்தான் அந்தத் தேர்வை எழுதிய முதல் அணி.

அவர்கள் 2019-இல் கல்லூரிக்குள் வந்தார்கள். இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு. வகுப்பு கைபேசிக்குள் போனது. 2021 தொடக்கத்தில், எடப்பாடித் தொகுதியைச் சேர்ந்த முதலமைச்சர் பழனிசாமி, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தார். 2022 மார்ச்சில் மாணவர் திறன் வளர்க்கும் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபோது கலை, அறிவியல் பிரிவில் சேர்ந்தவர்கள் கடைசி ஆண்டில் இருந்தார்கள். ஏணிப்படி அட்டையில் தொடங்கி, மனப்பாடத்தில் தோய்ந்து, திரையில் முடிந்த இந்த அணியைப் போல இப்பொருளின் வரலாற்றைத் தம் உடலிலேயே சுமந்தவர்கள் வேறு யாருமில்லை.

வகுப்பறை உத்திகள்

கல்லூரிக்குரிய முறைகள் வந்த வழி வேறு. அமெரிக்காவில் 1991-இல் பான்வெல், ஐசன் இருவரும் எழுதிய அறிக்கை ‘ஆக்டிவ் லேர்னிங்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. அறிவியல், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஸ்காட் ஃபிரீமனும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை, விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர் தோல்வியடையும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றது. இங்கே இவற்றைக் கொண்டு சேர்த்தவை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளும், மாணவர் மையக் கற்பித்தலுக்குச் சான்று கேட்கும் ‘நாக்’ தர மதிப்பீடும்.

முதல் தடை மௌனம். கேள்வி கேட்டால் அறுபது பேரும் தலை குனிவார்கள். புரியவில்லை என்பதல்ல காரணம். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமே என்பது. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தவறான விடையைவிடத் தவறான ஆங்கிலம் பெரிய அவமானம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், இயந்திரவியலில் தமிழ்வழிப் பிரிவு தொடங்கிய பிறகும் பெரும்பாலான வகுப்புகளின் நிலை மாறவில்லை.

அதனால் பிராங்க் லைமன் 1981-இல் வகுத்த ‘யோசி, இணை, பகிர்’ முறை இங்கே வேறு உருவில் பயன்படுகிறது. ஒரு நிமிடம் தனியாக யோசி. பக்கத்தில் இருப்பவரிடம் தமிழிலேயே பேசு. இருவருமாகச் சேர்ந்து ஒரு வரி ஆங்கிலத்தில் எழுது. பிறகு வகுப்புக்குச் சொல். நடுவில் செருகிய அந்த மூன்றாம் படிதான் உயிர்நாடி. பெஞ்சை நகர்த்த வேண்டாம், முன்வரிசை திரும்பி உட்கார்ந்தால் போதும். தமிழில் பேச அனுமதித்தால் ஆங்கிலம் வராது என்று அஞ்சும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேசாமலே இருந்தால் எந்த மொழியும் வராது.

ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தலும் செலவில்லாமல் நடக்கும். பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி கேட்டு, நெஞ்சோடு அணைத்து விரல் காட்டச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. சரியான விடை சொன்னவர் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் தங்களுக்குள் வாதிட விட்டு, மீண்டும் விரல் காட்டச் சொல்ல வேண்டும். கேள்வி நன்றாக அமைய வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல்லில் கேள்விக்கா பஞ்சம்? முட்டை ஏற்றிய லாரியும் காலி லாரியும் ஒரே வேகத்தில் வருகின்றன. இரண்டிலும் சக்கரம் உருளாமல் இறுகும்படி பிரேக் அடித்தால் எது குறைந்த தூரத்தில் நிற்கும்? காலி லாரி என்று பாதி வகுப்பு சொல்லும். டயரும் சாலையும் ஒன்றேயானால் பாடப்புத்தகக் கணக்குப்படி இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கும், ஏனெனில் எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. லாரி ஓட்டுநரின் மகன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். நிஜச் சாலையில் பிரேக் சூடேறுவதையும் சுமை சரிவதையும் அவன் எடுத்துச் சொல்லும்போது வகுப்பு உண்மையில் தொடங்குகிறது.

வணிகவியல், பொருளியல் வகுப்புக்குப் புரட்டாசி மாதம் ஒரு பாடம். அசைவம் தவிர்ப்போர் கூடும் அம்மாதத்தில் முட்டைத் தேவை சரியும். நான்கு குழுக்கள் பண்ணையாளர், தீவன வியாபாரி, மொத்த வியாபாரி, முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று பிரிந்து அன்றைய பண்ணை விலையைப் பேசி முடிக்கலாம். சேலத்தில் 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவில் நடக்கும் ஜவ்வரிசி ஏலத்தையும் இப்படி நடித்துப் பார்க்கலாம்.

எலியட் அரோன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பினக் குழந்தைகள் ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது உண்டான பகையைத் தணிக்க வகுத்த புதிர்த்துண்டு முறையில் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒருவர் சொல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுமையாகாது. ஒரே பேருந்தில் வருபவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்வதும், ஊரும் சாதியும் அந்த வரிசையில் ஒளிந்திருப்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆசிரியர் சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தால் மட்டுமே இம்முறைக்கு அர்த்தம் உண்டு.

வகுப்பு முடிவில் பெயரில்லாமல் புரியாததை எழுதித் தரும் ஒரு நிமிடச் சீட்டு எளிது, பலனும் அதிகம். ‘செமினார்’ என்ற பெயரில் ஒரு மாணவர் பவர்பாயின்ட் வாசிக்க மற்றவர்கள் கைபேசி பார்ப்பது, சொல்பவர் மாறிய விரிவுரைதான்.

வகுப்பறைக்கு வெளியே

இச்சமவெளியின் வலுவான மரபு வெளியில்தான் இருக்கிறது. 1960-இல் சேலத்தில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் தறியில் உட்காராமல் பாடம் முடியாது. 1985-இல் அமைந்த நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணைகளுக்கு நடுவே இருப்பதால், செத்த கோழியைப் பிரேதப் பரிசோதனை செய்து காரணம் கண்டறிவது அங்கே மறுநாள் பண்ணையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலையும்கூட.

வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கும் பணி அனுபவத் திட்டம் தனியாகச் சொல்லத்தக்கது. கோயில் முற்றத்தில் கோலமாவும் வண்ணப் பொடியும் கொண்டு ஊர் வரைபடத்தை ஊர்க்காரர்களே போடுவார்கள். எந்தத் தெரு எங்கே, எந்தக் கிணறு வற்றியது, எந்த ஓடை ஆக்கிரமிப்பில் என்று தரையில் தெரியும். பருவ நாட்காட்டியில் மரவள்ளிக்கு எப்போது மாவுப்பூச்சி வந்தது என்று குறிப்பார்கள். கூழாங்கல் வைத்துப் பிரச்சினைகளை வரிசைப்படுத்துவார்கள். மாணவர் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையோடு வந்திருப்பார். கோலமாவைக் கையில் எடுக்கும் பாட்டியோ அந்தப் பரிந்துரையைக் கேள்வி கேட்பார்.

தேர்வும் கோப்பும்

உத்திகள் தெரியாததால் அவை பரவவில்லை என்பது பாதி உண்மை. ‘போர்ஷன்’ முடிக்க வேண்டும். வினாத்தாள் இரண்டு மதிப்பெண் வரையறையைக் கேட்கும். கைடு அதைத் தரும். செமஸ்டர் தேர்வு கேட்காத ஒன்றுக்கு மாணவர் உழைக்க மாட்டார், அது அவர் குற்றமும் அல்ல. தர மதிப்பீட்டுக்கு இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் தேவைப்படுவதால், படம் எடுக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் வட்டமாக உட்காரும் வகுப்புகளும் உண்டு. மருத்துவக் கல்வியில் 2019 முதல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தபோது மதிப்பீடும் கூடவே மாறியது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி தொடக்கத்திலிருந்தே அந்தத் திட்டத்தில் இயங்குகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு அத்தகைய மாற்றம் இன்னும் வரவில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை நீக்கியது. அத்தேர்வு எழுதாத முதல் அணி 2027-இல் கல்லூரிக்கு வரும். அவர்களுக்குப் பதினோராம் வகுப்புப் பாடம் நடத்தப்பட்டதா, மீண்டும் தாண்டப்பட்டதா என்பது முதல் வாரத்தில் அவர்கள் எழுதித் தரும் ஒரு நிமிடச் சீட்டில் தெரிந்துவிடும்.