ஆடுகளத்தின் சாவி யாரிடம்?

தகுதி என்றதும் நமக்கு மதிப்பெண்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் பணக்கார உறைவிடப் பள்ளிகளில் விளையாட்டும் ஒரு தகுதி. அந்தத் தகுதி யாருக்குக் கிடைத்தது என்பதை ஸ்குவாஷ் ஆட்டத்தின் வரலாறே சொல்லிவிடும்.

ஸ்குவாஷ் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பிறந்தது. அமெரிக்காவில் அதற்கு முதலில் களம் அமைத்தது நியூ ஹாம்ப்ஷயரின் செயின்ட் பால்ஸ் உறைவிடப் பள்ளி, ஆண்டு 1884. நான்கு சுவர்களுக்குள் ஆடும் ஆட்டம் இது. தெருவில் ஆட முடியாது. பணக்காரப் பள்ளிகளிலும் தனியார் கிளப்புகளிலும்தான் களம் இருந்தது. கறுப்பினத்தவரையும் யூதர்களையும் பெண்களையும் பல கிளப்புகள் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஆக, மட்டை பிடிக்கத் தெரிந்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டியதே இல்லை.

சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 1963இல் 'எ பெட்டர் சான்ஸ்' திட்டம் உருவானது. நன்றாகப் படிக்கும் கறுப்பின, ஏழை மாணவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டண உதவியோடு இப்பள்ளிகளில் சேர்த்தது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வறுமையில் வளர்ந்த டெவல் பேட்ரிக் 1970இல் மில்டன் அகாடமிக்குப் போனது இப்படித்தான். 2007இல் அவர் மாசசூசெட்ஸ் ஆளுநராகப் பதவியேற்றார். அங்கே ஆளுநரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விளையாட்டு வழி பிறகுதான் திறந்தது. 1996இல் பாஸ்டனில் 'ஸ்குவாஷ்பஸ்டர்ஸ்', 1999இல் ஹார்லெமில் 'ஸ்ட்ரீட்ஸ்குவாஷ்', 2002இல் பிராங்க்ஸில் 'சிட்டிஸ்குவாஷ்' தொடங்கின. பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு ஆட்டப் பயிற்சி, கூடவே பாடம். அந்த மட்டையோடு பலர் உறைவிடப் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள்.

இது நடக்கும் விதத்தை நாம் கவனிக்க வேண்டும். இப்பள்ளிகள் பொதுவாக விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. கட்டண உதவியைக் குடும்ப வருமானம்தான் தீர்மானிக்கும். ஆனால் பயிற்சியாளர் ஒரு மாணவரை அணிக்குக் கேட்டால் அந்த விண்ணப்பத்துக்குத் தனி கவனம் கிடைக்கும். சேர்க்கைக்கு ஆட்டம் கைகொடுக்கிறது. கட்டணத்துக்கு வருமானச் சான்று. மதிப்பெண் எப்போதும் தேவை.

இதே வழியைப் பணக்காரர்களும் வளைத்தார்கள். 2019இல் அம்பலமான கல்லூரிச் சேர்க்கை மோசடியில், பெற்றோர்கள் லஞ்சம் கொடுத்து, துடுப்பே பிடிக்காத பிள்ளைகளையும் படகோட்ட வீரர்களாகக் காட்டியிருந்தார்கள்.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. புனேயில் பல்வங்கர் பாலூவின் பந்துவீச்சு அணிக்கு வேண்டியிருந்தது. அவருக்குத் தேநீரை மட்டும் தனியே வைத்துக் கொடுத்தார்கள். திறமை ஒருவரைக் களத்துக்குள் கொண்டுவந்துவிடும். பந்தியில் சமமாக உட்கார வைப்பதற்குப் போராட்டம் தேவைப்படுகிறது.

எனவே தோழர்களே, ஓடு, ஆடு, முன்னேறு என்று பிள்ளைகளிடம் சொல்வதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நம் ஊர் ஆதிதிராவிடர் நல விடுதியில் விளையாட்டுத் திடல் இருக்கிறதா, பயிற்சியாளர் வருகிறாரா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்போம்.