இங்கிலாந்தின் இரவு நேரக் குடும்ப மருத்துவம்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் கிளினிக் மூடியிருக்கும் வேளையில் திடீரென உடம்பு முடியாமல் போகிறவர்களுக்கான பொதுச் சேவை இது. வார நாள்களில் மாலை 6.30 முதல் காலை 8 மணி வரை, வார இறுதி, பொது விடுமுறை எல்லாம் இதில் அடங்கும். கூட்டிப் பார்த்தால் வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அத்தனை நேரத்துக்கும் யார் பொறுப்பு என்பதில்தான் நூறாண்டு இழுபறி.

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் உழைப்பாளிகளைக் குடும்ப மருத்துவர்களின் பட்டியலில் சேர்த்தது. அவர்களுடைய மனைவி மக்களைச் சேர்க்கவில்லை. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை அனைவரையும் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் உள்ளவர்களுக்கு 24 மணி நேரமும் அந்தந்தக் குடும்ப மருத்துவரே பொறுப்பாக இருந்தார். தனி ஆளாகக் கிளினிக் நடத்தியவர்களின் வீட்டில் இரவு போனை எடுத்துக் குறித்துவைத்தது பல நேரம் மருத்துவரின் மனைவி, அதுவும் சம்பளமில்லாமல். உள்ளூர் மருத்துவர்கள் போகத் தயங்கிய தொழில் நகரங்களில் 1960களிலிருந்து இந்தச் சுமையைத் தாங்கியவர்களில் இந்திய, இலங்கை மருத்துவர்கள் ஏராளம்.

சுமையை இறக்கிவைக்க முதலில் வந்தவை, கூலிக்கு மாற்று மருத்துவரை அனுப்பும் தனியார் நிறுவனங்கள். வருகிறவருக்கு நோயாளியையும் தெரியாது, ஊரையும் தெரியாது என்ற குறை அவற்றைவிட்டு நீங்கவே இல்லை.

இந்த வரலாற்றின் சிறந்த பகுதி 1990களில் வருகிறது. இரவு அழைப்புகள் பெருகி, மருத்துவர்களின் எதிர்ப்பு முற்றியபின் 1995இல் அரசு நிதி ஒதுக்கியது. வட்டார மருத்துவர்கள் ஒன்றுகூடி லாப நோக்கமற்ற கூட்டுறவுகளை அமைத்தார்கள். தென்கிழக்கு லண்டனில் லாம்பெத், சவுத்வாக், லூயிஷம் பகுதிகளின் மருத்துவர்கள் தொடங்கிய ‘செல்டாக்’ அவற்றுள் ஒன்று. ஏற்பாடு எளிமையானது. எல்லாருக்கும் ஒரே தொலைபேசி எண். உறுப்பினர்கள் முறைவைத்து வேலை பார்ப்பார்கள். அழைப்பைக் கேட்கும் மருத்துவர், போனிலேயே ஆலோசனை சொல்வதா, மையத்துக்கு வரச்சொல்வதா, ஓட்டுநருடன் காரில் வீட்டுக்குப் போவதா என்று முடிவெடுப்பார். மருத்துவருக்குத் தூக்கம் கிடைத்தது; நோயாளிக்கு அந்த வட்டாரத்தை அறிந்த மருத்துவர் கிடைத்தார். டென்மார்க் 1992லேயே இத்தகைய அமைப்புக்கு மாறியிருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்திலும் இது பரவி, இன்றும் அங்கே அடிப்படையாக நிற்கிறது.

இங்கிலாந்து நிற்கவிடவில்லை. ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் இரவுப் பொறுப்பிலிருந்து விலகலாம் என்றது 2004ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தம். பத்தில் ஒன்பது பேர் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அரைநூற்றாண்டாக அவர்கள் தந்த உழைப்பை அரசு மலிவாக மதிப்பிட்டிருந்தது. ஒரு மருத்துவருக்கு ஈடாக ஆகும் உண்மைச் செலவு சுமார் 9,500 பவுண்டு என்று 2006இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டது. பொறுப்பை ஏற்ற வட்டாரச் சுகாதார அமைப்புகள் ஒப்பந்த நிறுவனங்களை நாடின. 2008 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷயரில், அத்தகைய நிறுவனம் ஒன்றுக்காக ஜெர்மனியிலிருந்து வந்து முதல் முறைப்பணி பார்த்த மருத்துவர் 70 வயது நோயாளிக்கு வலிமருந்தைப் பத்து மடங்கு அதிகமாகச் செலுத்தினார், நோயாளி இறந்துபோனார். சட்டவிரோதக் கொலை என 2010இல் மரண விசாரணை முடிந்தது.

2013 ஏப்ரலில் மருத்துவர்கள் வேறு வாசல் வழியாகத் திரும்பினார்கள். அவர்கள் தலைமையேற்ற 211 குழுக்கள், இரவுச் சேவையை யாரிடம் வாங்குவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றன. அதே வேளையில் 111 என்ற மருத்துவ உதவித் தொலைபேசி எண் நாடெங்கும் பரவியது. அதில் முதலில் பேசுபவர் மருத்துவர் அல்ல. கணினி காட்டும் கேள்விகளை வரிசையாகக் கேட்கும் பணியாளர். 2022 ஜூலையில் அந்தக் குழுக்களும் கலைக்கப்பட்டு, அதிகாரம் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களுக்குப் போனது. குடும்ப மருத்துவர்கள் பலர் இன்றும் இரவுப்பணி பார்க்கிறார்கள், தங்கள் பட்டியலில் இல்லாதவர்களுக்கு.