பருவம் மாறினால் கடல் மாறும் கப்பல்கள்

ஒரே கப்பல், ஒரே அளவு அறை. மியாமியில் கிளம்பிக் கரீபியன் தீவுகளைச் சுற்றி அங்கேயே திரும்ப ஏழு இரவு. பார்சிலோனாவில் ஏறி, அட்லாண்டிக்கைக் கடந்து மியாமியில் இறங்கப் பதின்மூன்று இரவு. இரண்டுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். நியூ ஜெர்சியிலிருந்து மகள் இந்தப் பட்டியலை அனுப்பியபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நாகப்பட்டினத்தில் முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் நான். காரணம் விளங்கியதும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

காரணம் பருவம்தான். கோடையில் மத்தியதரைக் கடலிலும் அலாஸ்காவிலும் ஓடும் சொகுசுக் கப்பல்கள் குளிர் தொடங்கியதும் கரீபியனுக்குப் போகின்றன. வசந்தத்தில் திரும்பி வருகின்றன. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பல் போயே ஆக வேண்டும். எண்ணெய்க்கும் சம்பளத்துக்கும் செலவு நிற்காது. அறைகள் காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த விலைக்கு விற்பது மேல் என்று விற்கிறார்கள். இதற்கு ரீபொசிஷனிங் பயணம் என்று பெயர்.

குளிர்காலத்தில் சும்மா நிற்கும் கப்பலை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் உல்லாசக் கப்பல் தொழிலே பிறந்தது. ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், குளிரில் அட்லாண்டிக் கடக்க ஆள் குறைவதைப் பார்த்தார். 1891 ஜனவரி 22 அன்று ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை 241 பயணிகளோடு ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். ஊர் போய்ச் சேரும் அவசரம் இல்லாமல், கடலையும் கரையையும் பார்ப்பதற்கென்றே அத்தனை பேர் கப்பலேறினார்கள்.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ‘குயின் மேரி’ 1967இல் நின்றது, ‘பிரான்ஸ்’ 1974இல். தொழில் பிழைத்ததோ இடம் மாறிய கப்பல்களால்தான். கனடாவின் மேற்குக் கரையில் ஓடிவந்த ‘பிரின்சஸ் பாட்ரீசியா’ குளிரில் வேலையின்றி நிற்பதைக் கண்ட ஸ்டான்லி மெக்டொனால்டு, 1965இல் அதை வாடகைக்கு எடுத்து லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்சிகோவுக்கு ஓட்டினார். பிரின்சஸ் குரூசஸ் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து ஜிப்ரால்டருக்கு ஓடக் கட்டிய ‘சன்வர்ட்’, ஸ்பெயினோடு எழுந்த பூசலால் அங்கே பிழைக்க முடியாமல் 1966 டிசம்பரில் மியாமிக்கு வந்தது. அங்கே வேரூன்றிய தொழிலுக்கு, ஓய்ந்து கிடந்த ‘பிரான்ஸ்’ கப்பலும் ‘நார்வே’ என்ற புதுப்பெயரோடு 1980இல் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு தெரிந்தால் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். முதல் விஷயம் திசை. பாய்மரக் காலத்தில் மேற்கே போனவர்கள் தெற்கே இறங்கி, வியாபாரக் காற்றைப் பிடித்துப் போனார்கள். கொலம்பஸ் 1492 செப்டம்பர் 6 அன்று கேனரித் தீவுகளை விட்டு 36ஆம் நாள் கரை கண்டார். என் கப்பலும் மதீராத் தீவைத் தாண்டித் தென்மேற்கே இறங்கியது. ஏழு நாள் கரையே இல்லை. காற்று பின்னாலிருந்து வந்தது. நாளுக்கு நாள் வெயில் இதமானது. பார்சிலோனாவுக்கும் மியாமிக்கும் 82 பாகை தீர்க்கரேகை வித்தியாசம். 15 பாகைக்கு ஒரு மணி என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆறு இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைத்தார்கள். ஆறு நாளும் 25 மணி நேரம். கிழக்கே போனால் இதே மணிகளைத் தூக்கத்தில் இழக்க வேண்டும். முதல் முறை போகிறவர்கள் மேற்குத் திசையையே எடுங்கள்.

அடுத்தது விசா. இரண்டு கரைக்கும் முன்கூட்டியே வேண்டும். ஐரோப்பாவுக்குள் ஒரு முறை நுழையும் ஷெங்கன் விசா போதும் என்று என் முகவர் சொன்னார். நல்லவேளை, பயண அட்டவணையை உட்கார்ந்து படித்தேன். நடுவில் காசாபிளாங்கா இருந்தது. மொராக்கோவைத் தொட்டுவிட்டு போர்ச்சுகலின் மதீராவுக்குப் போனால் ஷெங்கன் எல்லைக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம். பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பித்ததால் தப்பினேன்.

கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானத்தில் விட்டுவிடக் கூடாது. ஒருவழி டிக்கெட் இரண்டைத் தனித்தனியாக வாங்கினால் விலை ஏறும். சென்னையிலிருந்து பார்சிலோனா போக, அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்ப என்று ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள், கப்பல் காத்திருக்காது. குமட்டல் வருமோ என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் நவம்பர் 30 வரை நீள்வதால் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். அலாஸ்காவிலிருந்து தெற்கே வரும் கப்பலில் ஏறினால் நினைத்த ஊரில் இறங்கிவிட முடியாது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இஷ்டப்படி இறக்கிவிட 1886ஆம் வருடச் சட்டம் விடாது.

நடுக்கடலில் ஒரு விடியற்காலை தளத்தில் நின்றபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ ஏறிப் பினாங்குக்குப் போனவர் அவர். டெக் டிக்கெட், படுக்கையை விரித்த இடம்தான் அறை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை நம் கரைக்கும் மலாயாவுக்கும் இடையே ஆயிரம் ஆயிரமாக ஆட்களைச் சுமந்தது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. அப்பாவுக்குக் கடல் பிழைப்புக்கான வழி. பார்த்து நிற்க நேரம் இருந்திருக்காது. எனக்கு ஏழு நாள் கிடைத்தது.

பெருங்கடலின் அகலத்தை உடம்பால் உணர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கப்பல்களைத் தேடுங்கள். மேற்கே போக அக்டோபர், நவம்பர். கிழக்கே திரும்ப ஏப்ரல், மே.