கோச்சை மாற்றினால் ஆயிற்றா?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் டீக்கடையில் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் இருவர் மல்லுக்கு நின்றார்கள். சென்னையின் எஃப்.சி. அடிக்கடி கோச்சை மாற்றுவது சரியா என்பது வழக்கு. "சார், நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

2014இல் அணியின் முதல் கோச் இத்தாலியின் மத்தெராத்சி (2006 உலகக்கோப்பையில் ஜிதான் தலையால் முட்டினாரே, அவரேதான்). 2015 டிசம்பரில் மழை வெள்ளம் நம்மையெல்லாம் புரட்டிப் போட்டது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். இறுதியில் 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை கோவா முன்னிலை. கடைசியில் இரண்டு கோல் விழுந்து 3-2, கோப்பை நமக்கு! அடுத்த ஆண்டே ஏழாமிடம்.

பிறகு ஜான் கிரகரி. 2018 மார்ச்சில் கோப்பை, அடுத்த பருவத்தில் கடைசி இடம். அதே மனிதர்தான். 2019 நவம்பரில் அவர் விலக, ஓவன் கோய்ல் வந்து இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். "பாத்தீங்களா, மாத்தினதாலதான்!" என்றான் ஒருவன். சரி, அவரையும் விட்டோமே? ஜாம்ஷெட்பூர் போய் 2022இல் லீக் ஷீல்டு வென்றார். இங்கே லாஸ்லோ, பந்தோவிச், பிர்தாரிச் என்று மூவர் வந்துபோன பின் 2023இல் மீண்டும் கோய்லையே அழைத்தார்கள்!

என் கட்சி, கோச்சுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதே. ஆனால் இருவரும் ஒரு பெயரைச் சொல்லவேயில்லை. 2022 பிப்ரவரியில் பந்தோவிச் நீக்கப்பட்டபோது மீதி ஆட்டங்களைத் தாங்கியவர், உதவிக் கோச்சாக இருந்த நம்மூர் சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர். நம் பள்ளியில் தலைமையாசிரியர்கள் மாறிக்கொண்டே இருக்க, மைதானத்தில் கடைசிவரை நின்ற டிரில் வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். அவரை நினைவிருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள்.