பிரம்மா கோழி வளர்ப்பு: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பது புதிதல்ல. விரல் வரை இறகு மூடிய பெரிய பிரம்மா கோழிகளை வீடியோவில் பார்த்துவிட்டு, அதையும் வளர்க்கலாமா, வருமானம் வருமா என்று இப்போது பலர் கேட்கின்றனர். வளர்க்கலாம். ஆனால் காலையில் திறந்துவிட்டு மாலையில் கூடையில் கவிழ்க்கும் நாட்டுக்கோழி முறை இதற்குப் பொருந்தாது. இது தெரியாமல் சேமிப்பைப் போட்டால், ஒரு கோடையிலோ ஒரு மழைக்காலத்திலோ எல்லாம் போய்விடும்.

பெயரும் பூர்வீகமும்

பெயரைக் கேட்டு இது கடவுளின் பெயர் என்று நினைக்க வேண்டாம். பிரம்மபுத்திரா ஆற்றின் பெயரே பிரம்மா என்று சுருங்கியது. 1840களில் சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பெரிய கோழிகளிலிருந்து இந்த இனம் அங்கே உருவாக்கப்பட்டது. 1852-ல் விக்டோரியா ராணிக்கு 9 கோழிகள் பரிசாக அனுப்பப்பட்டதும் இதன் புகழ் பரவியது. வளர்ந்த சேவல் சுமார் 5 கிலோவும், பெட்டை 4 கிலோவும் எடை இருக்கும். அடர்ந்த இறகு குளிருக்கு ஏற்றது. நம் ஊர் வெயிலில் அதுவே சுமை.

வெயிலும் மழையும்

கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கும். கத்திரி வெயிலில் பிரம்மா எளிதில் சுருண்டு விழும். எனவே தகரக் கூரை வேண்டாம். கீற்றுக் கொட்டகையே நல்லது. மண் பானைத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் கொடுத்து, உச்சி வெயிலில் நிறுத்திவிட வேண்டும். சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். ஆனால் காற்று தடைபடக் கூடாது.

மழைக்காலத்தில் கால் இறகில் சேறு உருண்டையாக ஒட்டிக் காய்ந்து விரலை இறுக்கும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. இப்படிப்பட்ட பகுதியில் கொட்டகையின் தரை, நிலத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தரையில் கடலைத் தோலோ நெல் உமியோ பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது பேன் போன்ற நுண்பூச்சியின் வேலை. காலைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயைச் சில நாள் தொடர்ந்து தடவ வேண்டும். உடல் கனம் என்பதால், ஏறி உட்காரும் கட்டை ஒன்றரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. குதித்தால் பாதம் புண்ணாகும்.

இனப்பெருக்கம்

பெட்டை முட்டையிட 6 முதல் 8 மாதமாகும். வாரம் 3 முட்டை கிடைத்தாலே நல்ல கோழி. ஒரு சேவலுக்கு 6 முதல் 8 பெட்டைகள் போதும். கனமான பெட்டை அடை உட்காரும்போது முட்டை உடையக்கூடும். அடைகாக்கும் நாட்டுக்கோழியின் கீழ் சில முட்டைகளை வைக்கலாம், அல்லது 37.5 டிகிரி வெப்பத்தில் இன்குபேட்டரில் வைக்கலாம். 21-ஆம் நாள் குஞ்சு வரும். முழு வளர்ச்சிக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும் என்பதால், இறைச்சிக்காக வளர்த்தால் தீவனச் செலவு கட்டாது.

ஏமாறாமல் இருக்க

காலில் இறகு இருந்தாலே பிரம்மா என்று நம்பக் கூடாது. நாட்டுக்கோழியுடன் கலந்த குஞ்சுக்கும் காலில் இறகு முளைக்கும். சுத்த இனத்தில் நடுவிரலிலும் இறகு இருக்கும்; கொண்டை சிறிதாக மூன்று வரிசையாக இருக்கும். குஞ்சைவிடத் தாய்க் கோழியையும் சேவலையும் நேரில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

"குஞ்சை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு வளர்ப்புத் திட்டங்கள் 2012-ல் சரிந்தபோது, இப்படி நம்பிய ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தனர். அலங்காரக் கோழியின் விலை ஆசையைப் பொறுத்தது. ஊரில் எல்லோரிடமும் குஞ்சு வந்துவிட்டால் விலை இறங்கிவிடும்.

வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் ஊசியும் போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். விழுப்புரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன, ஆலோசனை கேட்கலாம்.

முதலில் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் போதும். ஒரு கத்திரியையும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையையும் அவை தாண்டிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டுவதைப் பற்றி யோசிப்போம்.