பேரனாய்ட்: 1970-ல் யார் காது சரியாகக் கேட்டது?



வரலாற்றுப் பாடத்தில் நான் ஓயாமல் சொன்ன ஒன்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு ஆவணத்தைப் படித்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், எழுதியவர் யார், எங்கே உட்கார்ந்து எழுதினார் என்றும் கேளுங்கள் என்பேன். கல்வெட்டுக்கும் கம்பெனி கடிதத்துக்கும் சொன்ன அதே விதி ஒரு ராக் இசைத்தட்டுக்கும் பொருந்தும். இன்று அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்றொரு தொழிலாளர் பகுதி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரைக் கடுமையாகத் தாக்கின. போர் முடிந்து மூன்று நான்கு ஆண்டுகளில் அங்கே பிறந்தவர்கள் ஆஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்டு ஆகிய நால்வர். குண்டு விழுந்து இடிந்த மனைகள்தான் அந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். வளர்ந்தால் தொழிற்சாலை வேலை. ஆஸி இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன்களைச் சோதிக்கும் வேலையும் பார்த்தார், திருட்டு வழக்கில் சில வாரம் சிறையிலும் இருந்தார்.

டோனி அயோமியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அதை விட்டுவிட்டு முழுநேர இசைக்குப் போகத் தீர்மானித்து, கடைசி நாள் வேலைக்குப் போனார். மதியம் வீட்டுக்கு வந்தவர் இனி போகவில்லை என்றதும், எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். அன்று பிற்பகல், பழக்கமில்லாத இயந்திரம் ஒன்று அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கிடார் தந்திகளை அழுத்துவதே அந்த வலது கைதான்.

மனமுடைந்து கிடந்த பையனிடம் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் உலகப் புகழ் பெற்ற கிடார் கலைஞர் அவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட ஓசைக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலைக் காயம் இருக்கிறது.

இவர்கள் அமைத்த குழுதான் பிளாக் சபாத். முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13 அன்று அது வெளிவந்தது. ஜனங்கள் வாங்கினார்கள், இங்கிலாந்தில் எட்டாம் இடம் வரை போனது. விமர்சகர்களோ முகம் சுளித்தார்கள். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் அதை மட்டம் தட்டி எழுதினார். கிரீம் போன்ற குழுக்களின் தேர்ந்த புளூஸ் வாசிப்பே அன்றைய அளவுகோல். அந்தக் கோலால் அளந்தால் இவர்கள் குட்டைதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று இரண்டாவது ஆல்பம் வந்தது. ராக் உலகின் பெரிய கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்ததும் அதே நாளில்தான். ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘வார் பிக்ஸ்’, அதாவது போர்ப் பன்றிகள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பதிவு முடியும் நேரத்தில் ஆல்பம் நீளம் போதவில்லை என்று அவசரமாக மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். அதுதான் ‘பேரனாய்ட்’. இட்டு நிரப்ப வந்த பாட்டு தனித்தட்டாக இங்கிலாந்தில் நாலாம் இடத்துக்குப் போனது. நிறுவனம் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது. அட்டைப்படத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. வாளும் கேடயமும் ஏந்திய மனிதன் ஒருவன், தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்றும் அதில் நிற்கிறான்.

கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? 1970 அக்டோபரில் இங்கிலாந்தில் அதை முதலிடத்தில் உட்கார வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்து அங்கே பன்னிரண்டாம் இடம் வரை ஏறியது. வானொலி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. நண்பன் வீட்டில் கேட்டு, அவனிடம் இரவல் வாங்கி, பிறகு காசு சேர்த்துத் தாங்களே வாங்கிய இளைஞர்கள்தான் அதை வளர்த்தார்கள்.

பாட்டுகள் எதைப் பற்றி என்று பாருங்கள். ‘வார் பிக்ஸ்’ சாமானியர்களைச் சாவுக்கு அனுப்பிவிட்டுத் தான் பத்திரமாக இருக்கும் அதிகாரத்தைச் சாடுகிறது. ‘எலக்ட்ரிக் ஃப்யூனரல்’ அணுகுண்டு பயம். ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்கள் பற்றியது. ‘பேரனாய்ட்’ காரணம் புரியாமல் மனம் சோர்ந்து கிடக்கும் ஒருவனின் நிலை. மனச்சோர்வைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காத காலம் அது. பெரும்பாலான வரிகளை எழுதியவர் கீசர் பட்லர், கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை.

ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு இவர்கள் சாத்தானை வணங்குகிறவர்கள் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அதற்காகவே கவரப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள். பாட்டுகளில் இருப்பதோ தீமையைக் கண்ட எச்சரிக்கை. இதைப் புரிந்துகொண்டு எழுதியவர்களில் ஒருவர், முதல் ஆல்பத்தை மட்டம் தட்டிய அதே லெஸ்டர் பேங்ஸ். 1972-ல் ‘கிரீம்’ என்ற இசை இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் இவர்களை அறம் பேசுகிறவர்களாகவே பார்த்தார்.

விமர்சகர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கையில் இருந்தது பழைய அளவுகோல், எதிரே வந்தது புதிய பொருள். அந்தப் பொருளுக்கு அப்போது ‘ஹெவி மெட்டல்’ என்ற பெயர்கூட நிலைபெறவில்லை. 2017-ல் ரோலிங் ஸ்டோன் தலைசிறந்த நூறு மெட்டல் ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது முதலிடம் கொடுத்தது ‘பேரனாய்ட்’ ஆல்பத்துக்குத்தான். ஜனங்கள் 1970-லேயே சொன்னதை இதழ் எழுதி முடிக்க நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

பர்மிங்காமில் இன்று இவர்கள் பெயரில் ஒரு பாலம் இருக்கிறது. 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். முடித்த பாட்டு ‘பேரனாய்ட்’. பதினேழு நாள் கழித்து ஆஸி காலமானார். அவருடைய இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தருகே நின்றபோது சாலை நிறைய ஜனம்.

உங்களில் பலர் இப்போது பெற்றோர். பிள்ளை அறையிலிருந்து வரும் பாட்டு உங்களுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கலாம். கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பாட்டில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கிடைக்கிற பதிலை இங்கே கமெண்டில் எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.